பழைய பொம்மையில் புதிய பாடம்

பெரிய விவகாரங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இந்தப் பத்தியில், காயலான் கடைக்குப் போகவேண்டிய ஒரு பொம்மைக் காரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. ஒரு தேசத்தார் யந்திரங்களை உண்டாக்குகிறவர்களா, அல்லது பிறர் உண்டாக்கியவற்றை விலை கொடுத்து வாங்கிப் பொத்தானை அமுக்குகிறவர்கள் மட்டுமா என்ற கேள்விக்குச் சட்டசபையில் மட்டும் விடை கிடைத்துவிடாது. வீட்டுத் திண்ணையில் பத்து வயதுப் பையன் ஒருவன் திருப்புளியைக் கையில் எடுக்கும் சமயத்தில் அவனுடைய தகப்பனார் என்ன சொல்லுகிறார் என்பதிலேயே அந்த விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சமீபத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். அவ்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தெருவோரத்தில் விரித்திருந்த பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு ரிமோட் காரை வாங்கி வந்தான். வண்டி இருந்தது, அதை ஓட்டும் ரிமோட் இல்லை. அடியில் இருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றி அவன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்த சமயம் தகப்பனார் வந்து சேர்ந்தார். "வாங்கின அன்றைக்கே நாசமாக்கிவிட்டாயா?" என்று கோபித்துக்கொண்டார். பையனின் தாய்மாமன் அன்று அங்கே இருந்திராவிட்டால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆறு வாரம் கழித்து நாம் போனபோது, அதே வண்டி யாருடைய கையும் படாமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டில் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது, பின்வாங்கிற்று, சற்றுத் திரும்பி வேறு வழியே போயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டவர் அந்தத் தகப்பனாரேதான்! அவரை நாம் குறை கூறவில்லை. முதலில் கோபித்து, பின்னர் பெருமைப்படுவது நம் நாட்டில் வீட்டுக்கு வீடு காணும் சுபாவமே. முதற்கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

அந்தப் பையன் செய்தது என்ன? மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மலிவான ரிமோட் கார் எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் காணலாம். பின்சக்கரங்களை ஓட்ட, பல்சக்கரங்களுடன் கூடிய ஒரு மோட்டார், முன்சக்கரங்களை இடமும் வலமுமாகத் திருப்ப ஒரு சிறிய மோட்டார், விட்டவுடன் சக்கரங்களை நேராக்கிவிட ஒரு சுருள்வில், நாலைந்து பாட்டரிகள், நடுவில் ஒரு சிறு பலகை. காற்றின் வழியே ரிமோட் அனுப்பும் ரேடியோ அலையை அந்தப் பலகை வாங்குகிறது. பழைய வண்டிகளில் அவ்வலை பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ், புதியவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ். பலகையிலுள்ள ஒரு சில்லு அந்த அலையிலிருந்து 'முன்னே', 'பின்னே', 'இடம்', 'வலம்' என்ற கட்டளைகளைப் பிரித்தெடுக்கிறது. அக்கட்டளைப்படி நான்கு டிரான்ஸிஸ்டர்கள் சேர்ந்த ஒரு பாலம் மின்சாரம் மோட்டாருக்குள் செல்லும் திசையை மாற்றிவிடுகிறது. திசை மாறினால் சக்கரம் எதிர்ப்புறம் சுழலும். வண்டியின் ரகசியம் முழுவதும் இவ்வளவே.

இந்த வண்டியை ரோபோவாக ஆக்குவதென்றால், கட்டளை பிறக்கும் இடத்தை மாற்றவேண்டும். மனிதன் கையிலிருந்த ரிமோட்டுக்குப் பதிலாக வண்டிக்குள்ளேயே ஒரு சிறு மூளையை வைக்கவேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு அந்த வேலையைச் செய்கிறது. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரிலிருந்த ஒரு வடிவமைப்புக் கல்விச் சாலையில் 2005-ல் ஆர்டுயினோ என்ற பலகை பிறந்தது. மின்னியல் படிக்காத மாணவர்களும் குறைந்த செலவில் யந்திரங்களுக்கு அறிவூட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் வரைபடங்களை யாரும் பார்க்கலாம், யாரும் அதைப்போல் செய்யலாம் என்று அதை உண்டாக்கியவர்கள் திறந்து வைத்துவிட்டார்கள். ஆகையால்தான் இன்று சென்னை ரிச்சி தெருவிலும் அத்தகைய பலகை எளிதில் கிடைக்கிறது. அறிவைப் பூட்டி வைக்காமல் திறந்து வைத்ததன் பலன் உலகத்தின் மறுகோடியிலுள்ள ஏழை மாணவனுக்கும் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஆனால் இந்த மூளையை மோட்டாருடன் நேரே இணைத்துவிட முடியாது. சில்லின் ஒரு கால் பத்திரமாகக் கொடுக்கக்கூடிய மின்சாரம் ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர். பொம்மை மோட்டாரோ சாதாரணமாக ஓடுவதற்கே பல நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். கிளம்பும் கணத்திலும், எதிலாவது முட்டி நிற்கும் கணத்திலும் ஒரு ஆம்பியரையும் தாண்டிவிடக்கூடும். ஆகவே, மூளை இடும் சிறிய ஆணையைப் பெரிய மின்சாரமாக மாற்றித் தர நடுவில் ஓர் அதிகாரி தேவைப்படுகிறார். எல்293டி என்ற சில்லு ஒவ்வொரு வழியிலும் 600 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். எல்298என் என்பது 2 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 6 வோல்ட் பாட்டரி போட்டவன், மோட்டாருக்கு 4 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்பதை வண்டி சோம்பி நகரும்போது தெரிந்துகொள்ளுகிறான். மேலே ஒதுக்கிய தொகை அடியிலுள்ளவனுக்கு அப்படியே போய்ச் சேருவதில்லை என்ற உண்மை, பொதுவாழ்வில் பழகிய நம் வாசகர்களுக்குப் புதிதல்லவே!

அடுத்து, வண்டிக்குக் கண் வேண்டும். மனிதக் காதுக்கு எட்டாத 40,000 அதிர்வுள்ள ஒலியை முன்னே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. ஒரு மீட்டர் தூரத்திலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப அவ்வொலிக்கு ஏறத்தாழ 5.8 மில்லி விநாடி பிடிக்கிறது. இந்தக் கணக்கு, காற்றின் வெப்பம் 20 டிகிரி உள்ள இடத்துக்குப் பொருந்துவது. நமது சித்திரை மாதத்து வெயிலில், 40 டிகிரியில், ஒலி இன்னும் வேகமாகச் செல்லும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.6 மில்லி விநாடியே ஆகும். திருத்தம் செய்யாவிட்டால் வண்டி சுவரை இருக்கும் இடத்தைவிடச் சற்று அருகில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பௌதிகப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு மறந்துபோகும் விதி ஒன்று, திண்ணையில் உயிர் பெற்று எழுவதை இங்கே காண்கிறோம்.

எல்லாம் கூடியபின் வண்டி ஓடிவிடுமா? பெரும்பாலும் ஓடாது. நாம் சொல்ல வந்த விஷயமே இதுதான். முதல் தடவை மோட்டார் துள்ளும், உடனே மூளை மயங்கி விழும், மறுபடி விழித்து மோட்டாரை ஓட்டும், மறுபடி மயங்கும். எழுதிய கட்டளையில் பிழையைத் தேடித் தேடிப் பையன் சோர்வான். பிழை அங்கே இல்லை. மோட்டார் கிளம்பும்போது அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுப்பதால் பாட்டரியின் வோல்ட்டேஜ் தாழ்ந்து, அதே பாட்டரியை நம்பியிருந்த மூளை அணைந்துவிடுகிறது. மூளைக்குத் தனிப் பாட்டரி கொடுத்தால் நிலைமை சீர்ப்படும். ஆனால் இரண்டு பாட்டரிகளின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைக்க மறந்தால் ஆணை போய்ச் சேராது. வண்டி கிளம்பாது, அல்லது கண்டபடி ஆடும். மோட்டாரின் உள்ளே தெறிக்கும் பொறி இன்னொரு தொல்லை. அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சிறு கெபாசிட்டரைப் பற்றவைத்தால் அதுவும் அடங்கும். இவற்றைக் கடந்தபின்னும் வண்டி சுவரில் போய் மோதும். விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் வண்டியின் மூளை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் வண்டி 20 சென்டிமீட்டர் முன்னேறிவிடும் என்று அப்போதுதான் கணக்குப் போடத் தோன்றும். கணக்குப் போடத் தோன்றுவதே கல்வி.

ஆயத்தமாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் ரோபோத் தொகுப்புகள் இன்று ஏராளம். படத்தில் காட்டியபடி துண்டுகளைச் செருகினால் அரை மணியில் வண்டி ஓடும். அவை வேண்டாம் என்பது நமது வாதமல்ல. ஒன்றும் அறியாத குழந்தைக்கு முதல் நம்பிக்கை ஊட்ட அவை உதவும். ஆனால் அவற்றில் எல்லாத் துண்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வேறொருவர் முன்பே யோசித்து வைத்துவிட்டார். கஷ்டமும் அவருடையது, ஆகவே அறிவும் அவரிடமே தங்கிவிட்டது. பழைய பொம்மையில் ஒன்றும் பொருந்தாது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லப் புத்தகமும் கிடையாது. மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரை வைத்து அளந்தே தீரவேண்டும். முன்சக்கரம் திருப்பும் வண்டி நின்ற இடத்தில் சுழலாது. குறுகிய தெருவில் பஸ் டிரைவர் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்புவதுபோல் அதற்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கவேண்டும். தொழிற்சாலையிலும் வயலிலும் நாளை இந்தப் பிள்ளைகள் சந்திக்கப்போகும் யந்திரங்கள் தொகுப்புப் பெட்டியிலிருந்து வருபவை அல்ல. அவை பழையவை, பாதி ரிப்பேரானவை, பொருந்தாதவை.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவோர் சரித்திரத்தைப் பார்க்கட்டும். 1898-ல் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா, கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஓட்டும் ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிக் காட்டினார். இன்றைய ரிமோட் கார்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் 1948, 1949-ம் வருஷங்களில், இரண்டே வால்வுகளை மூளையாகக் கொண்ட யந்திர ஆமைகளைச் செய்தார். அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. முட்டிக்கொண்டால் விலகிச் சென்றன. நமது பையனின் வண்டி கூடத்தில் செய்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. 2005-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாமலே 132 மைல் ஓடி 20 லட்சம் டாலர் பரிசு பெற்ற ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் வண்டியும் புதிதாக வார்க்கப்பட்டதன்று. கடையில் விற்கும் வோக்ஸ்வாகன் காருக்குக் கண்ணும் மூளையும் பொருத்தினார்கள். ஓடும் வண்டி ஒன்றை எடுத்து அறிவூட்டுவது என்ற தத்துவம் இரண்டிலும் ஒன்றே; அளவில்தான் பேதம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு வாலிபராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து மோகங்கொண்டார். ஹோட்டலில் வேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தால் அதை வாங்கினார். வாங்கியபின் முதல் காரியமாக அதைப் பிரித்துப் பார்த்தார். பெரிய படிப்புப் படிக்காத அவர் 1920-ல் ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கியதும், பின்னர் கோவை தொழில் நகரமாக வளர்ந்ததில் அவர் பெற்ற இடமும் நம்மவர் அறிந்தவை. இன்னொருவர் ஓட்டித் தள்ளிய பழைய வண்டி ஒன்றே அவருக்குப் பாடசாலையாக இருந்தது. "வாங்கின அன்றைக்கே நாசமாக்கிவிட்டாயா?" என்று அன்று யாராவது அவர் கையைத் தடுத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

இந்த முயற்சிக்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. அபாயம் என்பார்கள். உண்மைதான். லிதியம் பாட்டரியைக் குத்தினாலோ, நசுக்கினாலோ, முனைகளை நேரே சேர்த்தாலோ தீப்பிடிக்கும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தைச் சிறுவர் தொடவே கூடாது. ஈயம் பற்றவைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கவேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். முடிந்தபின் கை கழுவவேண்டும். சாதாரணப் பென்சில் பாட்டரி நான்கைக் கொண்டு தொடங்கினால் அபாயம் மிகக் குறைவு. படிப்புக் கெடும் என்பார்கள். ஓம் விதியும், ஒலியின் வேகமும், சராசரி எடுப்பதும், தர்க்க முறையும் எந்தப் படிப்பைச் சேர்ந்தவை என்று அவர்களைக் கேட்கிறோம். பெண்களுக்கு இது எதற்கு என்பாரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தையல் யந்திரத்தின் நூல் சிக்கைப் பிரித்துச் சீராக்கத் தெரிந்த கைக்குப் பொம்மைக் காரின் பல்சக்கரம் கடினமா? திருப்புளி ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை.

சர்க்கார் சும்மா இருந்துவிட்டதென்று சொல்ல மாட்டோம். 2016-ல் தொடங்கிய அடல் புதுமைத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, பத்தாயிரம் பள்ளிகளில் கைவினைச் சோதனைக் கூடங்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் சர்க்கார் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் ஏற்படும் என்று 2025-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வரவேற்கத்தக்க காரியம். ஆனால் கூடம் என்பது சுவரும் மேஜையுமல்ல. இருபது லட்சத்துக்கு வாங்கிய சாமான் உடைந்தால் யார் பதில் சொல்லுவது என்று உபாத்தியாயர் பயந்தால், அலமாரிக்குப் பூட்டுப் போடுவதே அவருக்குப் பத்திரமாகத் தோன்றும். சாமான் பதிவேட்டில் எண்ணிக்கை குறையாது. பிள்ளைகளின் அறிவு கூடாது. ஆகையால் மூன்று யோசனைகளைக் கல்வி இலாகாவின் முன் வைக்கிறோம்.

முதலாவது: ஒவ்வொரு சோதனைக் கூடத்திலும், பதிவேட்டுக் கணக்கில் சேராத ஒரு பழைய சாமான் அலமாரி இருக்கட்டும். ஊராரிடமிருந்து உடைந்த ரிமோட் கார்களையும், ஓடாத மின்விசிறிகளையும், பேசாத ரேடியோக்களையும் கேட்டு வாங்கி அதை நிரப்பலாம். அங்கே எதை உடைத்தாலும் யாரும் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று எழுத்து மூலமாக உத்தரவு வரவேண்டும். இரண்டாவது: மார்க்குக் கொடுக்கும்போது வண்டி ஓடியதா என்று மட்டும் பார்க்கவேண்டாம். ஓடாமற்போன வண்டி ஏன் ஓடவில்லை என்று மாணவன் தெளிவாக எழுதிக் காட்டினால் அதற்கும் முழு மார்க்குக் கொடுக்கவேண்டும். மூன்றாவது: ஊருக்கு ஊர் ரேடியோவும் டெலிவிஷனும் பழுது பார்ப்பவர்கள், மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விரல் நுனியிலுள்ள வித்தை எந்தப் பாட புத்தகத்திலும் இல்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை அவர்களைக் கௌரவமான ஊதியத்துடன் பள்ளிக்கு அழைக்கவேண்டும். பட்டம் இல்லை என்று வாசலில் நிறுத்துவது பள்ளிக்கே நஷ்டம்.

இதில் இன்னொரு பொதுநன்மையும் உண்டு. 2022-ம் வருஷத்தில் உலகம் குப்பையில் எறிந்த மின்னணுச் சாமான்கள் 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்குதான் என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் மின்சார விளையாட்டுச் சாமான்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பொம்மைகளை ரோபோக்களாக்கி இந்த மலையைக் கரைத்துவிடலாம் என்று நாம் சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். ஆனால் ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தவன் அடுத்த பொருளை எறியும் முன் ஒரு கணம் யோசிப்பான். அடுத்த பொருளை வாங்கும்போது, இதைப் பிரிக்க முடியுமா, பழுது பார்க்க முடியுமா என்று கடைக்காரரைக் கேட்பான். அப்படிக் கேட்கிற ஜனங்கள் பெருகினால், திறக்க முடியாதபடி ஒட்டி விற்கும் வியாபாரிகளும் யோசிக்கத்தான் வேண்டும்.

தொண்டர்களும் ஊழியர்களுமாகிய நம் வாசகர்கள் ஊர்தோறும் வாசகசாலைகளும் சங்கங்களும் நடத்தி வருகிறார்கள். அவற்றின் ஒரு மூலையில் ஒரு மேஜை, இரண்டு திருப்புளி, ஒரு மீட்டர், ஒரு பற்றவைப்புக் கோல், காயலான் கடையிலிருந்து எடுத்து வந்த நாலு பொம்மை வண்டிகள் ஆகியவற்றை வைக்க எந்தச் சர்க்காரின் உத்தரவும் தேவையில்லை. செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சொல்லிக்கொடுக்க யாரும் வராவிட்டாலும் பாதகமில்லை; பிரித்த வண்டியே சொல்லிக்கொடுக்கும். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளை எதையாவது கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். கழன்ற திருகாணிகள் தொலைந்துபோகாமலிருக்க ஒரு கிண்ணத்தையும் எடுத்துக் கொடுங்கள்.